கிருமியின் முறை

ஐஸ் பெட்டி உள்ளே வர வேண்டுமானால் சாப்பாட்டு மேஜை நகர வேண்டும். மேஜை நகர வேண்டுமானால் அதன் மேலிருக்கும் கிருமிகளை எடுக்க வேண்டும். அவற்றை யாரும் தொடக் கூடாது என்று இரண்டு வருடமாகச் சட்டம் போட்டு வைத்திருந்த மனுஷனோ வாசலில் ஆம்புலன்சுக்குள் படுத்திருந்தார்.

"மம்மி, நான் எடுக்கட்டா?" என்று கேட்டாள் ரேச்சல். கேட்டாளே தவிர எடுக்கவில்லை. சபையிலிருந்து வந்திருந்த பெண்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் வாசற்படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பொத்தான்களும் கோட்டுப் பொத்தான்களுமாகப் பரப்பி வைத்த ஒரு அட்டைப் பலகையைத் தொட அத்தனை பேருக்கும் பயம். ஐசக் அப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தார்.

ஞானசௌந்தரிக்கு எரிச்சல் தலைக்கேறியது. நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் கணவர் போனதிலிருந்து, இதோ அழப்போகிறாள், இதோ அழப்போகிறாள் என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வந்ததெல்லாம் எரிச்சல்தான். ஒரு பழைய பெட்ஷீட்டைக் கொண்டுவரச் சொல்லித் தரையில் விரித்தாள். பலகையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, முறத்தில் இருப்பதைக் கொட்டுவதுபோல் சாய்த்தாள். பொத்தான்கள், சீட்டுகள், பகடை எல்லாம் சடசடவென்று பெட்ஷீட்டில் விழுந்தன.

"மம்மி" என்றாள் ரேச்சல், யாரையோ அடித்துவிட்டதுபோல.

"என்ன? அவரா எழுந்து வந்து கேக்கப்போறார்?" என்று சொல்லிவிட்டு, மேஜையின் ஒரு முனையைத் தானே பிடித்தாள் ஞானசௌந்தரி.

ஐசக் ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு தடுப்பூசி கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோபயாலஜிஸ்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆன மனிதர்கள் நடைப்பயிற்சி போவார்கள், சபைக் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிருமிகளைப் பற்றிச் சொல்லித்தர ஒரு ஆட்டம் செய்கிறேன் என்று கிளம்பினார். அன்றிலிருந்து மெட்டுகுடாவில் அந்த வீட்டில் யாரும் மேஜையில் சாப்பிட்டதில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் பிரியாணியும் அப்படித்தான்.

பலகை முழுக்க ஒரு மனித உடம்பு. ஆனால் பார்வைக்கு ஊர் மாதிரி இருக்கும். இதயம் செகந்திராபாத் ஸ்டேஷன். அந்த ஸ்டேஷனின் ரிசர்வேஷன் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்த மனைவிக்குத் தான் செய்த மரியாதை அது என்று அவர் சொல்லிக்கொள்வார். ரத்தக் குழாய்கள் ரயில் தடங்கள். சிறுநீர்ப்பை உசேன் சாகர் ஏரி. அது ஏன் என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது ஞானசௌந்தரி போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆடுகிறவர்கள் எல்லோரும் டாக்டர்கள். எதிரி கிருமி. டாக்டர்கள் ஒரு சுற்று ஆடி முடித்ததும் கிருமியின் முறை வரும், யாராவது ஒருவர் அதற்காகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குப் பொத்தான்களைப் பெருக்க வேண்டும். கையில் மருந்துச் சீட்டு இருக்கிறதே என்று உடனே போட்டுவிடக் கூடாது. முதலில் பரிசோதனைச் சீட்டைப் போட்டு, ரிப்போர்ட் வரும்வரை ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். பொறுக்காமல் கண்ட மருந்தை வீசினால், சாகாமல் மிஞ்சிய கிருமி கறுப்புப் பொத்தானாக மாறிவிடும். கறுப்புப் பொத்தானை எந்த மருந்தும் அசைக்காது. இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றத்தான் அவர் இத்தனை பாடும் பட்டார். கீழே மெடிக்கல் ஷாப்பில் ஜலதோஷத்துக்கு ஆண்டிபயாடிக் வாங்கிக்கொண்டு போகிறவர்களை நடுத்தெருவில் நிறுத்தி வகுப்பெடுப்பார். அந்தக் கடைக்காரன் இவர் தலையைக் கண்டாலே ஷட்டருக்குப் பின்னால் போய்விடுவான்.

ஆட்டத்தில் ஒரே ஒரு சங்கடம், யாராலும் ஜெயிக்க முடியவில்லை. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் சுற்றில் கிருமி பெருகி ஆளை முடித்துவிடும். நாச்சாரத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆடிப் பார்த்தபோது எல்லா மேஜையிலும் நோயாளி காலி. இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்களாம். பள்ளியை நடத்தும் சாவித்ரி மேடம், பிள்ளைகள் ஜெயிக்கிற மாதிரி மாற்றித் தந்தால் எல்லாக் கிளைகளுக்கும் வாங்கிக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஐசக் ரொம்ப நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு மாலை, ரிப்போர்ட் வரும்வரை கிருமியும் காத்திருக்கும் என்று ஒரு விதியைச் சேர்த்தார். அன்று ஆடியபோது ஞானசௌந்தரி முதல்முறையாக ஜெயித்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அவர்தான் சீட்டுகளை அடுக்கியபடி சுரத்தில்லாமல் இருந்தார்.

"கிருமி காத்திருக்காது ஞானம். ஆனா பசங்க காத்திருக்கக் கத்துக்கணுமே. அதுக்காக ஒரு சின்னப் பொய்" என்றார்.

சின்னப் பொய்தான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத் தான் நம்பாமல் இருந்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவருக்குக் குளிர் எடுத்தது. மே மாத வெயிலில் கம்பளி கேட்டார். சர்க்கரைக்காரர், நீர் பிரியும்போது எரிச்சல் என்று இரண்டு நாளாகவே முனகிக்கொண்டிருந்தவர். ஞானசௌந்தரி இறங்கிப்போய் கடைக்காரனிடம் சொல்லி மாத்திரை வாங்கி வந்தாள். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, படுக்கையிலிருந்தபடியே அவளுக்கு வகுப்பெடுத்தார். மறுநாள் ஆட்டோவில் போய் லேபில் சாம்பிள் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை சாயந்திரம் என்றார்கள். அதுவரை ஒரு மாத்திரையும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம், அங்கே போனால் இருட்டில் கல்லெறிகிற மாதிரி மருந்தை ஏற்றுவார்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"கல்ச்சர் ரிப்போர்ட் வரட்டும் ஞானம். என்ன கிருமின்னு தெரியாம நானே மருந்து சாப்பிட்டா, அப்புறம் பசங்களுக்கு என்னன்னு சொல்றது?"

அவள் திட்டிப் பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். குகட்பள்ளியிலிருந்து ரேச்சலை வரவழைத்துச் சொல்ல வைத்தாள். சாப்ட்வேர் கம்பெனியில் பிறர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் ரேச்சலுக்கு வேலை. அவள் இங்கிலீஷிலும் தெலுங்கிலும் அப்பாவிடம் வாதாடிவிட்டு, கடைசியில் அவர் பேச்சில் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டு திரும்பிப் போனாள். வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு ஞானசௌந்தரியை அடையாளம் தெரியவில்லை. கவுண்டரில் நிற்கிற பயணி கேட்பதுபோல் அவளிடம் மரியாதையாக ஏதோ கேட்டார். ஆஸ்பத்திரியில், ரேச்சல் வயதுகூட இல்லாத ஒரு டாக்டர் பெண், சாம்பிள் எடுத்த கையோடு ஊசியை ஆரம்பித்திருக்கலாமே, ரிப்போர்ட் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே, அவர் சயின்டிஸ்ட்தானே, தெரியாதா என்று கேட்டாள்.

தெரியாமல் என்ன. அதுதானே எரிச்சல்.

மாலை போட வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களோடு தண்டபாணியும் வந்தார். நாச்சாரத்தில் பிரஸ் வைத்திருக்கும் சிவகாசிக்காரர். ஒரு கையில் மாலை, இன்னொரு அக்குளில் சுருட்டிய காகிதம். மாலையைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். அப்புறம் சமையலறை வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடைசியா ஒரு தடவை பாத்துட்டு ஓகே சொல்றேன்னு சார் போன வாரமே சொல்லியிருந்தாரு. நாளைக்கு மிஷின்ல ஏத்தலைன்னா ஸ்கூல் திறக்கறதுக்குள்ள குடுக்க முடியாது. பின்னாடி கல்யாணப் பத்திரிகையா நிக்குது."

காகிதத்தை விரித்தார். வழவழப்பான தாளில் விதிகள் அச்சாகியிருந்தன. மேலே ஐசக்கின் பெயர், பட்டங்களோடு. ஞானசௌந்தரியின் கண் நேராக அந்த வரியில் போய் விழுந்தது. ரிப்போர்ட் வரும்வரை கிருமியும் காத்திருக்கும். வீட்டில் பென்சிலில் எழுதிக் கிடந்தபோது அது ஒரு ஆட்டத்தின் விதியாக இருந்தது. அச்சில் பார்த்தபோது பொய்யாக நின்றது. இந்த ஆட்டப் பெட்டி பள்ளி பள்ளியாகப் போகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் படித்து, நம்பி, ஜெயித்துக் கைதட்டுவார்கள். மேலே அவர் பெயர் இருக்கும்.

"சொல்லிடு மம்மி. டாடி பேர் பாக்ஸ் மேல வருது. அவர் இதுக்காகத்தானே டூ இயர்ஸா உயிரை விட்டார்" என்றாள் ரேச்சல். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. சமையல் மேடையைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

அடக்கம் முடியட்டும், சாயந்திரம் வாருங்கள், சொல்கிறேன் என்று தண்டபாணியிடம் சொன்னாள் ஞானசௌந்தரி. அவர் சரி என்று காகிதத்தைச் சுருட்டினார். போகாமல் வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அது போதாதென்று ஐசக்கின் செல்போன் அடித்தது. அது அவருடைய தலையணைக்கடியில் இருந்தது, யாரும் எடுத்து அணைத்திருக்கவில்லை. வைத்தியநாதன் ஓடிப்போய் எடுத்தான். ஐசக்கிடம் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்து இப்போது அதே இடத்தில் பெரிய பதவியில் இருப்பவன், கும்பகோணத்துப் பக்கம். நேற்றிலிருந்து செர்டிபிகேட், சவப்பெட்டி, வண்டி என்று எல்லாவற்றுக்கும் அலைந்துகொண்டிருந்தான். போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து ஞானசௌந்தரியின் முன்னால் கையைப் பிசைந்தான்.

"லேப்லேர்ந்து மேடம். சாரோட ரிப்போர்ட் ரெடியாம். நேத்து டெக்னீஷியன் லீவாம்."

அவள் அவனையே பார்த்தாள். தான் பைக்கில் போய் ஒரே ஓட்டமாக வாங்கி வந்துவிடுவதாகச் சொன்னான். எதற்கு என்று கேட்டாள். என்ன கிருமி என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று அவன் திருப்பிக் கேட்டான். கேட்ட குரலில் கள்ளமே இல்லை. இத்தனை வருடம் ஐசக்கோடு இருந்தவன் வேறு எப்படி இருப்பான்.

"நக்கோ தம்பி, வேண்டாம். பெட்டியைத் தூக்க ஆள் வேணும் முதல்ல. அந்தக் கிருமி இனி எங்கேயும் போயிடாது."

மூன்று மணிக்கு மேல் பாஸ்டர் வந்தார். ஹாலில் மின்விசிறி சுற்றியும் எல்லோருக்கும் வியர்வை ஊற்றியது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கறுப்புப் பெட்டிக்கு மாற்றினார்கள். ஐசக் கல்யாணங்களுக்குப் போடும் சாம்பல் நிறக் கோட்டில் இருந்தார். பாட்டுப் பாடினார்கள், வேதம் வாசித்தார்கள். அப்புறம் பாஸ்டர் பேச ஆரம்பித்தார். சகோதரர் ஐசக் ஒரு பொறுமையின் மனிதர் என்றார். இந்தக் காலத்தில் எல்லோருக்கும் எல்லாம் உடனே வேண்டும், நம் சகோதரரோ காத்திருக்கத் தெரிந்தவர், கடைசி நோயிலும் பதறாமல் காத்திருந்தார் என்று வீட்டார் சொல்லக் கேட்டேன் என்றார்.

வீட்டாரில் யார் சொன்னது என்று ஞானசௌந்தரி ரேச்சலைத் திரும்பிப் பார்த்தாள். ரேச்சல் தலையைக் குனிந்துகொண்டாள். பொறுமையாம். ரயில்வே கேட்டில் வண்டி போய் முடிவதற்குள் ஹாரன் அடிக்கிற மனுஷன். தோசை வார்த்துத் தட்டில் விழுவதற்குள் சமையலறைக்கு இரண்டு தரம் வந்து எட்டிப் பார்ப்பார். வாழ்நாளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பொறுமையாக இருந்தார், அதுவும் லேபில் டெக்னீஷியன் லீவு போட்ட வாரமாகப் பார்த்து. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். பின்னால் நின்ற சபைப் பெண், அழட்டும் என்று அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

மூடுவதற்கு முன்னால் குடும்பத்தாரைக் கூப்பிட்டார்கள். ரேச்சல் குனிந்து முத்தம் கொடுத்தாள். ஞானசௌந்தரி அவருடைய கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. அவளுக்கு வியாழக்கிழமை ராத்திரி நினைவு வந்தது. அந்த மாத்திரையைக் கரண்டியால் பொடித்து அவருக்கான ராகிக் கஞ்சியில் கலந்திருந்தாள். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அறைவாசல்வரை போனாள். அவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். அவள் கையிலிருந்து எது வந்தாலும் பார்க்காமல் வாங்குகிற கை. அவளால் முடியவில்லை. திரும்பி வந்து கஞ்சியைத் தொட்டியில் கொட்டிவிட்டு வேறு கஞ்சி காய்ச்சினாள்.

ஏன் கொட்டினேன் என்று நேற்றிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வியோடுதான் இனி இருக்கப்போகிறோம் என்று நினைத்தபோது, படுத்திருந்தவரை உலுக்கி எழுப்பிச் சண்டை போட வேண்டும்போல் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் பெட்டியில் நிம்மதியாகப் படுத்திருந்தார்.

"மூடிடலாமாம்மா?" என்று மெல்லக் கேட்டார்கள்.

"மூடுங்க" என்றாள்.

கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது வெயில் இறங்கியிருந்தது. வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். மேஜையை ஹால் நடுவில் பழைய இடத்திலேயே போட்டிருந்தார்கள், வெறுமையாக. சபைப் பெண்கள் பெரிய பாத்திரத்தில் டீயும் பன்னும் கொண்டுவந்து அதன் மேல் வைத்தார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த மேஜையில் தின்பதற்கு ஏதோ வந்திருந்தது. வந்தவர்கள் டீ குடித்தார்கள், ஜெபித்தார்கள், ட்ராபிக் அதிகமாவதற்குள் என்று சொல்லி ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தண்டபாணி மட்டும் தாளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். வைத்தியநாதனைக் காணவில்லை. கல்லறை வாசலிலேயே அவன் பைக் மறுபக்கம் திரும்பியதை ஞானசௌந்தரி பார்த்திருந்தாள்.

அவன் வந்தபோது கையில் இரண்டாக மடித்த தாள் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து உட்கார்ந்தான். முகத்தைப் பார்த்தே அவன் படித்துவிட்டான் என்று தெரிந்தது.

"சொல்லு" என்றாள்.

"நீங்க வாங்கிண்டு வந்த மாத்திரை கேட்டிருக்காது மேடம். அதுக்கு அந்தக் கிருமி சாகாது. சாப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது." கொஞ்சம் தயங்கி, "சார் சொன்னது சரிதான்" என்றான்.

ஞானசௌந்தரி நாற்காலியில் சாய்ந்தாள். முதலில் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. கொட்டிய கஞ்சி போகட்டும். அதில் ஒன்றும் இல்லை, அவள் ஏமாற்றியிருந்தாலும் பிரயோசனம் இல்லை. கண் கலங்கியது, நிம்மதியில்தான். அடுத்த நிமிடமே எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மண்ணைப் போட்டு ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் சார் சொன்னது சரி. முப்பத்தைந்து வருடமாக இதே கதை. எந்தச் சண்டையிலும் கடைசியில் எங்கிருந்தாவது ஒரு ஆதாரம் வந்து அவர் பக்கம் நிற்கும்.

"ஆஸ்பத்திரி ஊசி?" என்று கேட்டாள்.

வைத்தியநாதன் தாளைப் பிரித்து மறுபடி பார்த்தான். பார்க்கத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"கேட்டிருக்கும். திங்கட்கிழமையே போயிருந்தா கேட்டிருக்கும்."

ரேச்சல் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே மெடிக்கல் ஷாப்புக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தான், மரியாதைக்காக. மருந்து எது என்பதில் அவர் தவறவில்லை. கிருமி தன் முறைக்காக உட்கார்ந்திருக்கும் என்று நினைத்ததில்தான் தவறினார். படுக்கையில் அவர் காத்திருந்த ஒவ்வொரு நாளும் அது ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது.

தண்டபாணி இதற்கு மேல் தாங்காது என்பதுபோல் தாளை மேஜையில் விரித்து, பறக்காமல் இரண்டு டீ கிளாஸ்களை ஓரத்தில் வைத்தார். ஞானசௌந்தரி அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இதை எடுத்துடுங்க" என்றாள். "பழையபடி போடுங்க. நாம காத்திருந்தாலும் அது ஆடும்."

தண்டபாணி புரியாமல் வைத்தியநாதனைப் பார்த்தார். அந்த விதியை எடுத்தால் சாவித்ரி மேடம் ஆர்டரை ரத்து செய்துவிடுவார் என்று வைத்தியநாதன் பதறினான். சார் அந்த அம்மாவோடு எவ்வளவு மல்லுக்கட்டி இந்த அளவுக்கு வந்தது என்றான். ஆட்டம் அச்சாகாமலே போய்விடக்கூடும், வேண்டுமானால் இந்த மாற்றத்தை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

"வத்து மம்மி, வேண்டாம், ப்ளீஸ்" என்றாள் ரேச்சல் ஜன்னலிலிருந்து. "அந்த ரூல் இல்லைன்னா பசங்க எல்லா கேமும் தோப்பாங்க. நான்தானே டெஸ்ட் பண்ணேன். எல்லாரும் செத்துதான் போவாங்க. அப்புறம் யார் வாங்குவா? டாடியோட கேம் வெளியவே வராது."

"தோக்கட்டும். ஆட்டத்துல சாகட்டும் ரேச்சல். அங்க செத்தா பொத்தானை அடுக்கித் திரும்ப ஆடலாம்."

பாத்திரத்தில் மிச்சமிருந்த டீயில் ஆடை கட்டியிருந்தது. சாவித்ரி மேடத்திடம் தானே பேசிக்கொள்வதாக ஞானசௌந்தரி சொன்னாள். கல்யாணத்துக்குப் போகிறவனிடமும் சாவுக்குப் போகிறவனிடமும் முப்பது வருடம் முகத்துக்கு நேராக பெர்த் இல்லை என்று சொன்ன வாய், ஒரு பள்ளிக்கூடத்து அம்மாவிடம் சொல்லாதா என்றாள். அந்த அம்மா வேண்டாம் என்றால் வேறு பள்ளி. அதுவும் இல்லையென்றால் பெட்டிகள் இங்கே கட்டிலுக்கடியில் இருக்கட்டும், பொய் சொல்லாமல் இருக்கும்.

தண்டபாணி பேனாவை எடுத்து அந்த வரியின் குறுக்கே கோடு போட்டார். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று கேட்டார். வைத்தியநாதன் ஒரு வாக்கியம் சொன்னான், அது மூன்று வரிக்குப் போயிற்று. ரேச்சல் இங்கிலீஷில் ஒன்று சொன்னாள். தண்டபாணி இரண்டும் புரியவில்லை என்று தலையை ஆட்டினார். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்றார்.

ஆடித்தான் காட்ட வேண்டும் என்றாள் ஞானசௌந்தரி. டீ பாத்திரத்தை அவளே எடுத்துக் கீழே வைத்தாள். பலகையையும் பெட்ஷீட்டில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். வைத்தியநாதன் சீட்டுகளைக் குலுக்கிப் போட்டான். ரேச்சல் மூக்கைச் சிந்திவிட்டு அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். உசேன் சாகரில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தானை வைத்தார்கள்.

ரேச்சல் முதல் சீட்டாகவே பரிசோதனைச் சீட்டைப் போட்டாள். அவளுக்கு ஆடத் தெரியும். கையில் சரியான மருந்துச் சீட்டும் இருந்தது, ரிப்போர்ட் வந்தால் போட வேண்டியதுதான். சீட்டைக் கையில் விசிறிபோல் பிடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். வைத்தியநாதன் தன் முறையை ஆடினான். பிறகு எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள்.

ஞானசௌந்தரி பகடையை எடுத்தாள். இந்த இரண்டு வருட ஆட்டத்தில் கிருமிக்காக உருட்டுவது எப்போதும் ஐசக்தான். அவள் உருட்டியதில்லை. உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிப் போட்டாள். ஐந்து விழுந்தது. குவியலிலிருந்து ஐந்து சிவப்புப் பொத்தான்களைப் பொறுக்கி, ஏரிக்கரையிலிருந்து தண்டவாளத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இப்ப என் முறையா மம்மி?" என்று கேட்டாள் ரேச்சல், மருந்துச் சீட்டைப் பாதி நீட்டியபடி.

"ரிப்போர்ட் வரலையே இன்னும்" என்று சொல்லிவிட்டு, ஞானசௌந்தரி பகடையை மறுபடி உருட்டினாள்.